மின்னணு வடிவமைப்புத் தானியக்கத் துறை விருதுகள்: தகடூர் அளவுகோலில் ஒரு மதிப்பீடு

மின்னணு வடிவமைப்புத் தானியக்கம், சுருக்கமாக ஈ.டி.ஏ., என்பது சில்லுகளை வடிவமைக்கவும் சரிபார்க்கவும் உதவும் மென்பொருள்களை உருவாக்கும் துறை. இத்துறையில் பில் கௌஃப்மன் விருது, ஏ. ரிச்சர்ட் நியூட்டன் தொழில்நுட்பத் தாக்க விருது, மேரி பிஸ்டிலி விருது முதலியவை உயர்ந்த அங்கீகாரங்களாகக் கருதப்படுகின்றன. இந்தியாவிலும் இத்துறை சார்ந்த மாநாட்டு விருதுகள் உள்ளன. இவ்விருதுகள் எதை அளக்கின்றன, எதை விட்டுவிடுகின்றன என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. பரிசிலையும் தகுதியையும் பற்றித் தருமபுரி மண்ணில், அதாவது பழைய தகடூரில், எழுந்த சங்கப் பாடல்களும் அவ்வட்டாரத்து நடுகற்களும் இதற்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றன.

துறையும் அதன் மறைவும்

இன்றைய கைப்பேசிச் சில்லு ஒன்றில் பல நூறு கோடி டிரான்சிஸ்டர்கள் உள்ளன. இவற்றைக் கையால் வரைந்து முடிக்க ஒரு பொறியாளரின் வாழ்நாள் போதாது. சில்லு என்ன செய்ய வேண்டும் என்பதைப் பொறியாளர் வெரிலாக் போன்ற மொழியில் எழுதுகிறார். ஒரு மென்பொருள் அதைத் தருக்க வாயில்களாக மாற்றுகிறது. இன்னொன்று அந்த வாயில்களைச் சில்லின் பரப்பில் அடுக்கிக் கம்பியிணைப்பு தருகிறது. வேறொன்று மின்குறிப்புகள் உரிய நேரத்தில் போய்ச் சேருமா என்று கணக்கிடுகிறது. பிழை உண்டா என்று தேட இன்னும் பல மென்பொருள்கள் உள்ளன. இவை அனைத்தையும் கடந்த பிறகே வடிவமைப்பு சில்லு வார்க்கும் ஆலைக்குச் செல்கிறது.

கைப்பேசி வாங்குபவருக்கு அதன் நிறுவனத்தின் பெயர் தெரியும். ஆர்வம் உள்ளவருக்குச் சில்லின் பெயரும் அதை வார்த்த ஆலையின் பெயரும் தெரியும். அந்தச் சில்லை வடிவமைக்க உதவிய கருவியை எழுதியவர் பெயரைத் தேடுபவர் அரிது. சினாப்சிஸ், கேடன்ஸ், சீமன்ஸ் ஈ.டி.ஏ. ஆகிய மூன்று பெரிய நிறுவனங்களின் பெயர்களே துறைக்கு வெளியே அதிகம் தெரியாதவை. பொதுமக்களின் பாராட்டு இங்கே எட்டாது. எனவே இத்துறையில் ஒருவரின் பணி நினைவுகூரப்படுவதற்குத் துறைக்குள்ளிருந்து தரப்படும் விருதே பெரும்பாலும் ஒரே வழி. அது பிழையாக அளந்தால் திருத்த வேறு நீதிமன்றம் இல்லை. இத்துறை விருதுகளை நெருங்கிப் பார்க்க வேண்டிய தேவை இங்கிருந்து எழுகிறது.

தகடூர் தரும் மூன்று அளவுகோல்கள்

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர். அவனைப் பற்றிய புறநானூற்றுப் பாடல்களில் போர் அளவுக்குப் பரிசிலும் பேசப்படுகிறது. அவன் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த செய்தி பள்ளிப் பாடம் வரை வந்துவிட்டது. அதிகம் பேசப்படாத வேறு சில பாடல்களில்தான் பாராட்டைக் குறித்த கடுமையான சிந்தனை உள்ளது.

முதலாவது, 208ஆம் பாடல். பாடியவர் பெருஞ்சித்திரனார். குன்றுகளும் மலைகளும் கடந்து அதியமானைத் தேடி வந்த அவருக்கு, அவன் நேரில் காணாமலேயே பரிசில் அனுப்பிவைத்தான். புலவர் அதை ஏற்கவில்லை. தம்மைக் காணாமல் தந்த பொருளைப் பெற்றுச் செல்லத் தாம் வணிகர் அல்லர் என்றார். தினையளவு தந்தாலும் தகுதியின் அளவை அறிந்து தருவதே இனியது என்பது அவர் நிலை. கொடைக்குப் பெயர்பெற்றவனிடமே இதைச் சொன்னார் என்பது கவனிக்கத்தக்கது. இப்பாடலில் கிடைக்கும் அளவுகோல் கண்டறிதல்: தருபவர் பெறுபவரின் பணியைப் பார்த்தாரா?

இரண்டாவது, 95ஆம் பாடல். தொண்டைமானிடம் தூது சென்ற ஔவை அவனுடைய படைக்கலக் கொட்டிலைப் பார்க்கிறார். அங்கே கருவிகள் மயிற்பீலி சூடி, மாலை அணிந்து, நெய் பூசிக் காவலுக்குள் இருக்கின்றன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து எப்போதும் கொல்லனின் பட்டறையிலேயே கிடக்கின்றன என்கிறார். புகழ்வது போலத் தொடங்கி இகழ்வதாக முடியும் பாடல் இது. இதில் கிடைக்கும் அளவுகோல் பயன்பாடு: கருவி அலங்காரத்துக்கா, வேலைக்கா?

மூன்றாவது அளவுகோல் பாடலில் இல்லை, கல்லில் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்கள் நடுகற்கள் நிறைந்த நிலப்பகுதி. தருமபுரி அகழ்வைப்பகத்திலும் பல நடுகற்கள் காட்சிக்கு உள்ளன. இவ்வட்டார நடுகல் கல்வெட்டுகளில் பொதுவாக அரசனின் பெயரும் ஆட்சியாண்டும் முதலில் வரும். அது காலக்குறிப்பு. அடுத்து வருவது வீரனின் பெயரும் அவன் செய்த செயலும். ஆநிரை மீட்டு இறந்தவன் அரசன் அல்லன், ஊரின் ஒரு சேவகன். கல் அவனுக்கே நடப்பட்டது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல்லில், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தில் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுடன், அவனுடைய கோவிவன் என்ற நாயும் பெயர் சொல்லிப் பொறிக்கப்பட்டிருக்கிறது. அளவுகோல் தெளிவு: செயல் யாருடையதோ பெயரும் அவருடையதாக இருக்க வேண்டும்.

விருதுகள்: சுருக்க வரலாறு

ஈ.டி.ஏ. துறையின் முதன்மை மாநாடான வடிவமைப்புத் தானியக்க மாநாடு 1964இல் ஒரு பயிலரங்காகத் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களுள் ஒருவர் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய பாட் பிஸ்டிலி. துறை தொழிலாக வளர்ந்தபின் தனக்கான விருதை ஏற்படுத்திக்கொண்டது 1994இல். குயிக்டர்ன் நிறுவனத்தை நடத்தி 1992இல் மறைந்த பில் கௌஃப்மனின் பெயர் அதற்கு இடப்பட்டது. ஈ.டி.ஏ. நிறுவனங்களின் கூட்டமைப்பு தொடங்கிய இவ்விருதில் பின்னர் ஐ.இ.இ.இ. அமைப்பின் வடிவமைப்புத் தானியக்கக் குழுமமும் இணைந்தது. முதல் விருது பெல் ஆய்வகத்தின் ஹெர்மன் கம்மலுக்கு வழங்கப்பட்டது. டிரான்சிஸ்டரின் நடத்தையைக் கணிதமாக எழுதும் கம்மல்–பூன் மாதிரி அவர் பெயரால் அறியப்படுகிறது.

பெர்க்லி பேராசிரியர் ரிச்சர்ட் நியூட்டன் 2007இல் மறைந்தார். அவர் பெயரிலான தொழில்நுட்பத் தாக்க விருது 2009 முதல் வழங்கப்படுகிறது. வெளியாகிக் குறைந்தது 10 ஆண்டுகள் கடந்த ஆய்வுக் கட்டுரைகளே இதற்குத் தகுதி பெறும். பெண்களின் பங்களிப்புக்காக 2000இல் மேரி பிஸ்டிலி விருது தொடங்கப்பட்டது. இவற்றைத் தவிர மாநாடுகளிலும் ஆய்விதழ்களிலும் ஆண்டுதோறும் சிறந்த கட்டுரை விருதுகள் உண்டு. அவற்றில் சில டொனால்ட் பெடர்சன், வில்லியம் மெக்கல்லா ஆகியோர் பெயரால் அமைந்தவை.

பயன்பாடு என்னும் அளவுகோல்

மூன்று அளவுகோல்களில் இவ்விருதுகள் சிறப்பாகத் தேறுவது பயன்பாட்டில்தான். மாலை சூட்டிக் கொட்டிலில் வைத்த கருவிகளுக்குக் கௌஃப்மன் விருது பெரும்பாலும் கிடைத்ததில்லை.

1995இல் விருது பெற்ற டொனால்ட் பெடர்சன் நல்ல எடுத்துக்காட்டு. பெர்க்லியில் அவருடைய குழு உருவாக்கிய ஸ்பைஸ், மின்சுற்றைக் கட்டுவதற்கு முன்பே அது எப்படி இயங்கும் என்று கணக்கிட்டுக் காட்டும் நிரல். 1973இல் அது பொதுவெளியில் முன்வைக்கப்பட்டது. பெடர்சன் அதை விலைக்கு விற்காமல் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். எடுத்துச்சென்ற நிறுவனங்களும் கல்லூரிகளும் அதில் பிழை கண்டன, திருத்தின, திருத்தத்தைத் திருப்பி அனுப்பின. நுனி முறிந்து பட்டறைக்கு வந்து, தீட்டப்பட்டுத் திரும்பிப்போகும் வேலைப் போலவே ஸ்பைஸ் வளர்ந்தது. இன்றும் மின்னணுவியல் மாணவர் முதலாண்டுகளில் கையாளும் சிமுலேஷன் நிரல்கள் பலவற்றின் மூலம் அதுவே.

2005இல் விருது பெற்ற பில் மூர்பி வெரிலாக் மொழியின் ஆசிரியர். கேட்வே என்ற சிறு நிறுவனத்தில் பிறந்த அம்மொழி, அந்நிறுவனத்தைக் கேடன்ஸ் வாங்கியபின் 1990இல் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்துவிடப்பட்டது. 1995இல் ஐ.இ.இ.இ. தரமாயிற்று. 2013இல் விருது பெற்ற செனிங் ஹூவின் குழு உருவாக்கிய பிசிம் மாதிரிகள், சில்லு வார்க்கும் ஆலைக்கும் வடிவமைப்பாளருக்கும் இடையே பொதுமொழியாக விளங்குகின்றன. மூன்றிலும் ஒரே இயல்பு தெரிகிறது. கருவி ஒருவரின் கையை விட்டுப் பலர் கைக்குப் போனது. பலர் அதைத் தேய்த்தார்கள். தேய்ந்த இடத்தில் அது கூர்மை பெற்றது.

நியூட்டன் விருதின் 10 ஆண்டு விதி இதே அறிவை விதியாக்கியிருக்கிறது. அதன் முதல் விருது பெற்ற கட்டுரை, தருக்கச் சுற்றுகளைச் சுருக்கும் எம்.ஐ.எஸ். என்ற அமைப்பைப் பற்றியது. 1987இல் வெளியானது. இரண்டு பத்தாண்டுகளுக்கு மேல் பிறர் அதன்மீது கட்டியெழுப்பிய பிறகே பாராட்டு வந்தது. இத்துடன் ஒப்பிட்டால் மாநாட்டின் சிறந்த கட்டுரை விருது விதை முளைத்தவுடன் தரப்படுவது. அதில் தவறில்லை. ஆனால் அது நம்பிக்கைக்கான பரிசு, விளைச்சலுக்கான பரிசு அன்று. இரண்டையும் ஒரே பட்டியலில் ஒரே எடையுடன் எழுதுவது இத்துறையின் தன்விவரக் குறிப்புகளில் வழக்கமாகிவிட்டது.

பயன்பாட்டு அளவுகோலுக்கும் ஒரு குறை உண்டு. நிறுவனத்துக்குள் மூடிவைக்கப்பட்ட கருவி எவ்வளவு உழைத்தாலும் வெளியே தெரியாது. சரிபார்ப்புப் பணிக்கு இன்னும் பெரிய இடர். பிழை வராமல் தடுத்தவரின் வெற்றி, நடக்காத ஒரு விபத்து. நடக்காததை எண்ணிக் காட்ட முடியாது.

பெயர் என்னும் அளவுகோல்

இந்த இடத்தில்தான் கௌஃப்மன் விருது தடுமாறுகிறது. அது ஆண்டுக்கு ஒருவருக்கு என்ற முறையில் வழங்கப்பட்டு வந்திருக்கிறது. ஈ.டி.ஏ. கருவியோ தனிமனிதப் படைப்பாக இருப்பது அரிது.

ஸ்பைஸின் கதையையே எடுத்துக்கொள்ளலாம். அதன் முன்னோடி, பெர்க்லியில் ரான் ரோரர் நடத்திய வகுப்பில் மாணவர்கள் எழுதிய கேன்சர் என்ற நிரல். அம்மாணவர்களுள் ஒருவர் லாரன்ஸ் நேகல். பின்னர் பெடர்சனின் வழிகாட்டுதலில் ஸ்பைஸின் முதல் இரு பதிப்புகளை உருவாக்கியவர் அவர். கௌஃப்மன் விருது 1995இல் பெடர்சனுக்கும் 2002இல் ரோரருக்கும் கிடைத்தது. நேகலின் பெயர் அப்பட்டியலில் இல்லை. பெடர்சன் 1998இல் ஐ.இ.இ.இ.யின் மிக உயர்ந்த பதக்கத்தையும் பெற்றார். நேகலுக்கு உரிய பெரிய அங்கீகாரம் 2019இல், தம் ஆசிரியரின் பெயரால் அமைந்த ஐ.இ.இ.இ. டொனால்ட் பெடர்சன் விருதாக வந்தது. ஸ்பைஸ் பொதுவெளிக்கு வந்து அப்போது 46 ஆண்டுகள் கடந்திருந்தன.

ஆசிரியர்கள் இருவரும் தகுதியற்றவர்கள் என்று இதற்குப் பொருளில்லை. வழிகாட்டியவரும் இலவசமாகத் தர முடிவெடுத்தவரும் இல்லையேல் ஸ்பைஸ் ஓர் ஆய்வேட்டின் பின்னிணைப்பாக முடிந்திருக்கும். ஆனால் நடுகல்லின் முறைப்படி பார்த்தால், காலக்குறிப்பில் வர வேண்டிய பெயர் செயலின் இடத்தில் வந்துவிட்டது. செயலுக்கு உரிய பெயர் அரை நூற்றாண்டு காத்திருந்தது. எம்.ஐ.எஸ். கட்டுரைக்கான நியூட்டன் விருது பிரெய்டன், ருடெல், சாஞ்சோவான்னி வின்சென்டெல்லி, வாங் ஆகிய நால்வருக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. இவ்வகையில் நியூட்டன் விருது கௌஃப்மன் விருதைவிட நேர்மையான அமைப்பு எனலாம். எனினும் அது கட்டுரையில் பெயர் உள்ளவர்களையே காணும். கட்டுரை வெளியானபின் அக்கருவியைப் பல ஆண்டுகள் பராமரித்தவர்கள், சோதனைத் தொகுப்புகளை எழுதியவர்கள், கையேடு எழுதியவர்கள் அதன் பார்வைக்கு வருவதில்லை.

கௌஃப்மன் பட்டியலில் நிறுவனத் தலைவர்களும் கணிசமாக உள்ளனர். கேடன்ஸின் முன்னாள் தலைவர் ஜோசப் காஸ்டெல்லோ 2004இலும், சினாப்சிஸைத் தொடங்கியவர்களுள் ஒருவரான ஆர்ட் டி கியூஸ் 2008இலும், முதலீட்டாளர் லூசியோ லான்சா 2014இலும், மென்டர் கிராஃபிக்ஸின் வால்டன் ரைன்ஸ் 2015இலும், கேடன்ஸின் தலைவர் அனிருத் தேவ்கன் 2021இலும் விருது பெற்றனர். விருதின் விதிகள் தொழில்நுட்பத்துடன் வணிகத் தாக்கம், தொழிலுக்குத் திசைகாட்டுதல், கல்விப்பணி ஆகியவற்றையும் தகுதியாக ஏற்கின்றன. டி கியூஸ், தேவ்கன் ஆகியோர் பொறியாளர்களாகத் தொடங்கியவர்கள் என்பதும் உண்மை. இருந்தாலும் விருதை நடத்துவது நிறுவனங்களின் கூட்டமைப்பு. அதைப் பெறுபவர்களில் சிலர் அந்நிறுவனங்களின் தலைவர்கள். நடுவர்கள் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், ஒரே சபையில் அரசனும் பரிசிலனும் ஒருவராக அமரும் இந்த நெருக்கம் விருதின் எடையைக் குறைக்கவே செய்யும்.

கண்டறிதல் என்னும் அளவுகோல்

தருபவரின் கண் எவ்வளவு தொலைவு பார்க்கிறது என்பதே இங்கே கேள்வி. கௌஃப்மன் விருது பெற்றவர்களில் பெடர்சன், எர்னஸ்ட் கூ, சாஞ்சோவான்னி வின்சென்டெல்லி, நியூட்டன், பிரெய்டன், செனிங் ஹூ ஆகிய ஆறு பேர் பெர்க்லி பேராசிரியர்கள். அப்பல்கலைக்கழகம் இத்துறையின் தொட்டில் என்பதால் இதில் நியாயம் உண்டு. ஆனால் ஒரே வளாகம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும்போது மற்ற இடங்கள் படாமல் போகின்றன. பெல்ஜியத்தின் ஹியூகோ டி மேன், சுவிட்சர்லாந்தில் பணியாற்றும் ஜொவான்னி டி மிக்கேலி போன்ற சிலரை விட்டால் பட்டியல் பெரும்பாலும் அமெரிக்காவுக்குள்ளேயே சுற்றுகிறது.

பெண்கள் விஷயத்தில் இந்தக் குறை இன்னும் வெளிப்படை. விருது தொடங்கிக் கால் நூற்றாண்டு கடந்து 2019இல்தான் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மேரி ஜேன் இர்வின் அதைப் பெற்ற முதல் பெண்ணானார். மாநாட்டை வளர்த்ததற்காகப் பாட் பிஸ்டிலி 2010இல் கௌஃப்மன் விருது பெற்றார். அம்மாநாட்டை அவருடன் சேர்ந்து நடத்திய அவர் மனைவி மேரி பிஸ்டிலியின் பெயர் பெண்களுக்கான தனி விருதின் தலைப்பில் உள்ளது. முதன்மைப் பட்டியலில் இல்லை. தனி விருது பல பெண்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது என்பது பெரிய நன்மை. முதன்மை விருதின் பார்வைக்குறையைச் சரிசெய்யும் அவசரத்தை அது குறைத்துவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்தியாவும் தமிழகமும்

மூன்று பெரிய ஈ.டி.ஏ. நிறுவனங்களுக்கும் இந்தியாவில் பெரிய ஆய்வு, மேம்பாட்டு மையங்கள் உள்ளன. கருவிகளின் கணிசமான பகுதி பெங்களூருவிலும் நொய்டாவிலும் ஐதராபாத்திலும் எழுதப்படுகிறது. எனினும் 2024 வரையிலான கௌஃப்மன் பட்டியலில் இந்தியாவில் இருந்து பணியாற்றிய ஒருவரும் இல்லை.

இந்தியா தனக்கான அங்கீகார மேடை ஒன்றைச் சென்னையில் தொடங்கியது. இன்று பன்னாட்டு வி.எல்.எஸ்.ஐ. வடிவமைப்பு மாநாடாக அறியப்படுவது, 1985 டிசம்பரில் அன்றைய மெட்ராசில் ஒரு சிறு பயிலரங்காகக் கூடியது. டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் பெங்களூருவில் வடிவமைப்பு மையம் திறந்ததும் அதே ஆண்டில்தான். இம்மாநாட்டின் சிறந்த கட்டுரை விருது கல்கத்தா பல்கலைக்கழகத்தின் அருண் குமார் சவுத்ரி பெயராலும், மாணவர் கட்டுரை விருது இந்திய அறிவியல் கழகத்தின் நிருபேந்திரநாத் பிஸ்வாஸ் பெயராலும் வழங்கப்படுகின்றன. நிறுவனத் தலைவர்கள் பெயரை விட்டு ஆசிரியர்கள் பெயரைத் தேர்ந்தது பாராட்டத்தக்கது. இவையும் கட்டுரைக்கான விருதுகளே. ஒரு கருவியை 10 ஆண்டு உழைத்துப் பயனுக்குக் கொண்டுவந்தவருக்கு இணையான புகழ் கொண்ட இந்திய விருது இன்னும் உருவாகவில்லை.

தமிழகத்தில் வேர்கொண்டவர்கள் வெளிநாட்டில் பெற்ற அங்கீகாரங்கள் உண்டு. சென்னையில் பிறந்த அனந்த சந்திரகாசன், குறைந்த மின்செலவுச் சுற்றுகளுக்கான பணிக்காக 2013இல் ஐ.இ.இ.இ. டொனால்ட் பெடர்சன் விருது பெற்றார். சென்னை ஐ.ஐ.டி.யில் 1985இல் பட்டம் பெற்ற சீனிவாஸ் தேவதாஸ், பெர்க்லியில் தருக்கத் தொகுப்பில் ஆய்வு செய்து எம்.ஐ.டி. பேராசிரியரானார். ஒவ்வொரு சில்லையும் அதன் உற்பத்தி வேறுபாட்டைக் கொண்டே அடையாளம் காணும் முறைக்காகப் பின்னர் பாராட்டப்பட்டார். இத்தகைய செய்திகளைத் தமிழ் ஊடகங்கள் பிறப்பிடப் பெருமையாக மட்டும் எழுதிக் கடந்துவிடுகின்றன. எந்தப் பணிக்காக விருது என்று ஒரு பத்தி சேர்த்து எழுதுவது அரிது. இதுவும் காணாமல் தரும் பரிசிலின் இன்னொரு வடிவம்.

உள்ளூரில் நடந்த பெரிய முயற்சி சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி நுண்செயலி. பேராசிரியர் வீ. காமகோடியின் குழு திறந்த ரிஸ்க்–ஃபைவ் கட்டளைத் தொகுதியைக் கொண்டு அதை உருவாக்கியது. 2018இல் வார்க்கப்பட்ட சில்லுகள் லினக்ஸை இயக்கின. 2025இல் இஸ்ரோவுடன் இணைந்து ஐரிஸ் என்ற சில்லு மொகாலியில் வார்க்கப்பட்டு இயக்கிக் காட்டப்பட்டது. சக்தி எழுதப்பட்ட மொழி ப்ளூஸ்பெக். எம்.ஐ.டி. பேராசிரியர் அர்விந்தின் ஆய்விலிருந்து பிறந்த அம்மொழியின் கம்பைலர் 2020இல் திறந்த மூலமாக்கப்பட்டது. 2024இல் மறைந்த அர்விந்தின் பெயர் கௌஃப்மன் பட்டியலில் இல்லை. அவருடைய மொழியில் எழுதிய சில்லு சென்னையில் இயங்குகிறது. ஔவையின் கணக்கில் அந்த வேல் பட்டறையில்தான் இருக்கிறது.

சக்தியின் மூலநிரல் திறந்தது என்பதால் இன்னொரு பயனும் உண்டு. திறந்த மூலக் களஞ்சியத்தில் எந்த வரியை யார் எப்போது எழுதினார் என்பது தானாகப் பதிவாகிறது. குழுவின் தலைவர் பெயருடன் மாணவர் பெயரும் அங்கே நிற்கிறது. பதவியைப் பாராமல் செயலையும் செய்தவரையும் சேர்த்துப் பதியும் முறை இத்துறையில் இப்போதைக்கு இது ஒன்றே.

தருமபுரியிலிருந்து பார்த்தால்

தருமபுரி மாவட்டம் 1965இல் சேலத்திலிருந்து பிரிந்தது. செட்டிக்கரையில் அரசு பொறியியல் கல்லூரி தொடங்கியது 2013இல். வடக்கே சில மணிநேரப் பயணத்தில் பெங்களூரு. மின்னணுவியல் படிக்கும் மாவட்டத்து மாணவர் சில்லு வடிவமைப்பு வேலையை எண்ணும்போது முதலில் நினைப்பது அந்நகரைத்தான். அவருக்குக் கௌஃப்மன் விருது தொலைவானது. ஆனால் விருது என்ற சொல் தினமும் எதிர்ப்படுகிறது.

சிறந்த ஆய்வாளர், சிறந்த இளம் பொறியாளர், சிறந்த கல்வியாளர் என்ற பட்டங்கள் பதிவுக் கட்டணத்துக்கு வழங்கப்படுவது இந்தியக் கல்வி வட்டாரம் நன்கு அறிந்த செய்தி. பணியைப் படிக்காமலேயே மின்னஞ்சலில் தேர்வுக் கடிதம் வந்துவிடுகிறது. ஆசிரியர்கள் பெற்ற விருதுகள் நாக் தர மதிப்பீட்டில் எண்ணப்படுவதால் இதற்குச் சந்தை குறைவதில்லை. பெருஞ்சித்திரனார் காணாமல் தந்ததை மறுத்தார். இங்கே காணாமல் தருவதற்குப் பெறுபவரே கட்டணம் செலுத்துகிறார். இதில் இழப்பு பணம் மட்டும் அன்று. சுவரில் மாட்டிய சான்றிதழ் மாணவருக்குத் தவறான அளவுகோலைக் கற்பிக்கிறது. ஒரு கருவியை உருவாக்கிப் பிறர் கையில் கொடுத்து, அது முறிந்து திரும்பி வரும்போது திருத்தும் பொறுமை அவருக்குத் தேவையற்றதாகத் தோன்றத் தொடங்குகிறது.

மறுபுறம், உண்மையான பணிக்கான வாயில் முன்னெப்போதையும்விட இன்று அகலம். ஈ.டி.ஏ. கருவிகளின் உரிமத்தொகை நெடுங்காலம் மாவட்டக் கல்லூரிகளுக்கு எட்டாததாக இருந்தது. ஒன்றிய அரசின் சிப்ஸ் டு ஸ்டார்ட்அப் திட்டம் 85,000 பொறியாளர்களுக்குப் பயிற்சி தரும் இலக்குடன், பெங்களூரு சி–டாக் மையம் வழியாகத் தேர்ந்த கல்வி நிறுவனங்களுக்கு இக்கருவிகளை அளிக்கிறது. திட்டத்தில் இடம்பெறாத கல்லூரி மாணவருக்கும் என்ஜிஸ்பைஸ், யோசிஸ், மேஜிக், ஓபன்ரோடு ஆகிய திறந்த மூலக் கருவிகள் உள்ளன. ஸ்கைவாட்டர் ஆலையின் 130 நானோமீட்டர் வடிவமைப்பு விவரங்கள் 2020 முதல் கூகுளின் முயற்சியால் எவருக்கும் கிடைக்கின்றன. மும்பை ஐ.ஐ.டி.யின் ஃபாசி திட்டம் உருவாக்கிய ஈசிம், இந்தியாவிலேயே வளர்ந்த திறந்த மூலக் கருவி. இவற்றில் ஒன்றில் ஒரு பிழையைக் கண்டு, அதைத் தெளிவாக எழுதி, திருத்தி அனுப்பி, அது ஏற்கப்பட்டால் மாணவரின் பெயர் களஞ்சியத்தில் நிலைத்துவிடும். பெருஞ்சித்திரனார் சொன்ன தினையளவுப் பரிசில் அது. ஆனால் அளந்து தரப்பட்டது. அத்திருத்தத்தைப் படித்துப் பார்த்த ஒருவர் இருக்கிறார் என்பதே அதன் மதிப்பு.

எந்த விருதைப் பற்றியும் மாணவர் மூன்று கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம். தருபவர் பணியைப் பார்த்தாரா? பணி யாருக்காவது பயன்பட்டதா? பெயர் செய்தவருடையதா? மூன்றுக்கும் ஆம் என்றால் அது கல்லூரி அளவிலான விருதானாலும் பெரிது. ஒன்றுக்கும் ஆம் இல்லையென்றால் அரங்கம் எவ்வளவு பெரிதானாலும் அது மயிற்பீலி.

மதிப்பீடு

ஈ.டி.ஏ. துறையின் விருதுகள் பயன்பாட்டை மதிப்பதில் முன்மாதிரியானவை. காலம் கடந்து சோதித்துப் பாராட்டும் நியூட்டன் விருதின் முறை பிற பொறியியல் துறைகளும் பின்பற்றத் தக்கது. இலவசமாகத் தரப்பட்ட கருவிகளை உச்சத்தில் வைத்துப் போற்றியது இத்துறையின் பெருந்தன்மை. கூட்டுப்பணியைத் தனிமனிதர் பெயரில் எழுதுவதும், தலைமையையும் ஆக்கத்தையும் ஒரே பட்டியலில் கலப்பதும், குறிப்பிட்ட சில வளாகங்களையும் நாடுகளையுமே காண்பதும் அதன் குறைகள். குழுவுக்கு விருது, பராமரிப்புக்கு விருது, சரிபார்ப்புக்கு விருது என்ற மூன்று வகைகள் சேர்ந்தால் இக்குறைகளில் பெரும்பகுதி நீங்கும். இந்திய மாநாடுகள் இதைத் தொடங்கினால் அமெரிக்க விருதுகளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கருவிகளை எழுதும் கைகளில் கணிசமானவை இங்கேதான் உள்ளன.

அதியமான் பரிசில் தரக் காலந்தாழ்த்தியபோது ஔவை வாயிற்காவலனை நோக்கிப் பாடிய 206ஆம் பாடலில், கையில் கோடரியுடன் காட்டுக்குள் போகும் தச்சனின் பிள்ளைகள் உவமையாக வருகிறார்கள். கருவியும் தொழிலும் கைவந்தவருக்கு எந்தக் காட்டிலும் மரம் உண்டு, எத்திசையிலும் சோறு உண்டு என்பது அப்பாடலின் கருத்து. விருதை வேண்டாம் என்று சொல்லும் பாடல் அன்று அது. பின்னர் அதே அதியமானை ஔவை பலவாறு புகழ்ந்திருக்கிறார். பாராட்டு வருவதற்கு முன்பே தன் தகுதியை அறிந்திருப்பவரின் நிமிர்வுதான் அதில் உள்ளது. வெளியே தெரியாத கருவிகளை எழுதும் இத்துறைக்கு வரும் மாணவருக்கு முதலில் வேண்டியது அந்த நிமிர்வு.